தகுதியுள்ளோருக்கு இலவசம்

ரெடிங் தபால் பிரிப்பகத்தில் வியாழன் இரவென்றால்
முதுகு முன்கூட்டியே வலிக்கத் தொடங்கும்.
மோட்டார்வே ஓரத்துக் கொம்பனிகளுக்கெல்லாம்
கொம்பியூட்டர் இதழ்கள் வந்திறங்கும் நாள்.
பிளாஸ்டிக் உறை.
அடுக்கினால் மீன்போல் வழுக்கிச் சரியும்.

ஒருநாள் ஓர் உறை கிழிந்து
அட்டையொன்று என் சப்பாத்தில் விழுந்தது.
வலையமைப்பு நிர்வாகிகளுக்கு மட்டும்.
தகுதியுள்ளோருக்கு ஆண்டு முழுதும் இலவசம்.
முத்திரை ஒட்டத் தேவையில்லை.

இலவசம் என்று கண்டால்
நான் கண்ணாடி போட்டுத்தான் வாசிப்பேன்.

அதிகாலை மூன்று இருபது, கன்டீன் மேசை.
பதவி?
நிர்வாகி என்ற கட்டத்தில் ஒரு சரி.
உங்கள் பொறுப்பில் எத்தனை முனைகள்?
என் முன்னாலுள்ள புறாக்கூட்டில் நாற்பத்தெட்டு அறை.
நாற்பத்தெட்டு என்று எழுதினேன்.
ஓவன் எட்டிப் பார்த்தான்.
"ஐம்பதுக்குக் குறைந்தால் தரமாட்டார்கள்,
குப்பைக்கூடையையும் சேர்."
சேர்த்தேன். முகவரியில்லாதவை போடும் பையையும்.
ஐம்பது.
வழிப்படுத்தலில் அனுபவம்? ஆறு வருஷம்.
இதில் எது பொய் என்று இன்றைக்கும் தெரியாது.
கொள்வனவு அதிகாரம் பத்தாயிரம் பவுண்,
அது பொய்.
அந்தக் கிழமை நான் கொள்வனவு செய்தது
கால் கிலோ வெண்டிக்காய்.

ஆறு கிழமை கழித்து
என் பெயர் என் கைக்கே வந்தது.
திரு. தர்மகுல, வலையமைப்பு நிர்வாகி.
சிங்கத்துக்கு ஒட்டுத்தாளில் இடம் போதவில்லை.
முப்பத்தொன்றாம் அறையில் நானே போட்டேன்.
சட்டைக்குள் செருகியிருக்கலாம்,
ஆனால் அது களவு.
பதினொரு மணிக்குத் தபால்காரன் கதவில் தள்ளும்வரை
தூங்காமல் கிடந்தேன்.

பாதி விளம்பரம். மஞ்சள் கேபிள்
சாரைப்பாம்பாய்ச் சுருண்டு கிடக்கும்.
மீதியில் முக்கால்வாசி விளங்காது.
நாற்பதாம் பக்கத்தில் ஒரு படம்:
செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி
ஒவ்வொன்றின் நெற்றியிலும் முகவரி எழுதி
சந்திக்குச் சந்தி ஒரு பெட்டி.
பெட்டி உள்ளே பார்க்காதாம்.
நெற்றியைப் பார்த்து அடுத்த சந்திக்குத் தள்ளுமாம்.

அட, என்றேன்.
ரஞ்சிதமலர் எழும்பிவிட்டாள்.
"என்ர வேலையைப் படம் போட்டிருக்கிறாங்கள்."
"சம்பளமும் போட்டிருக்கோ?"
திரும்பிப் படுத்தாள்.

பிறகு ரெலிபோன்கள்.
உங்கள் வலையமைப்பு எதுவரை பரந்திருக்கிறது, ஐயா?
நியூபரி வரை என்றேன்.
கருத்தரங்கொன்றுக்கு அழைத்தார்கள்,
ஹோட்டல், மதியச் சாப்பாடு.
கலியாணக் கோட்டும் தூங்காத கண்ணுமாகப் போனேன்.
கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னார்கள்.
கேட்டேன்:
"வழி அடைபட்டால் அந்தத் துண்டுகளை
எங்கே வைப்பீர்கள்?"
"வைப்பதில்லை. பெட்டி எறிந்துவிடும்."
"அனுப்பியவருக்கு?"
"பதில் வராவிட்டால் அவர் மறுபடி அனுப்புவார்.
அதுதான் நெறி."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அந்த ஆனியில் யாழ்ப்பாண ரயில் நின்றிருந்தது.
தம்பிக்கு நான் ஏழு தரம் எழுதியிருந்தேன்.
நெறிப்படிதான் நடந்திருக்கிறேன் என்று
அங்கேதான் தெரிந்தது.
இறால் சான்ட்விச் நன்றாயிருந்தது.
இரண்டு எடுத்தேன்.

மார்கழியில் அவனிடமிருந்து ஒன்று வந்தது,
கொழும்பு முத்திரையோடு.
மூன்றாவது கடிதத்துக்கு மட்டும் பதில்.

இரண்டு வருஷ மாலை வகுப்புக்குப் பிறகு
ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.
ஏழு கொம்பியூட்டர்கள், ஒரு மெல்லிய கேபிள்.
அதன் இரு முனைக்கும் தொப்பி மாட்டாவிட்டால்
போன செய்தி சுவரில் மோதித் திரும்பிவரும்.
மேசையில் பித்தளைப் பலகை வைத்தார்கள்,
வலையமைப்பு நிர்வாகி, முழுப் பெயர், சிங்கத்தோடு.

அவ்வருஷப் புதுப்பித்தல் அட்டையில்
உண்மையை எழுதினேன். முனைகள்: ஏழு.

வருந்துகிறோம், தாங்கள் தகுதி பெறவில்லை.

மறுபடி அனுப்பினேன். பதிலில்லை.
மறுபடி அனுப்பினேன்,
இம்முறை ஐம்பது.
அலுவலகக் குப்பைக்கூடைகளை எண்ணினால்
ஒன்பதுதான் வந்தது, கதவுகளையும் சேர்த்தேன்.
பெயரைத் தர்மகுல என்றே எழுதினேன்.
கட்டங்கள் சரியாகப் போதின.